பேசினில் ஊற்றிய பால்

எங்கள் ஆஸ்பத்திரியின் புது வார்டில் அறைக்குள் கை கழுவும் பேசின் கிடையாதாம். வாசலுக்கு வெளியே, நடைபாதையில்தான் வைத்திருக்கிறார்களாம். போன வாரம் விமலா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவள். என்னோடு பதினோரு வருடம் வேலை பார்த்தவள்.

"புதுசா வந்த கிளீனருங்க எல்லாம் ஏன் ரூம்ல பேசின் இல்லன்னு கேக்குறாங்க. எனக்குப் பாதிதான் தெரியும். நீயே எழுதிக் குடுலா. ரிட்டையர் ஆகி வீட்டுல என்னா பண்ற, அடுப்ப அணைச்சமா இல்லையான்னு பாத்துக்கிட்டுத்தான இருப்ப."

அவள் சொன்னது பொய்யில்லை. மார்சிலிங்கில் வீட்டுக் கதவைப் பூட்டி, லிஃப்ட் வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். என் கணவர் இருந்தவரை "பூட்டே பயந்து திறந்துக்கப் போவுது" என்பார். நான் செகண்டரி டூவோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவள். கோவில் விண்ணப்பத்தைத் தவிர நான் தமிழில் எதையும் நீளமாக எழுதியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். விமலாவுக்குத் தெரியாத மீதிப் பாதியை நான் ஒருவரிடம்தான் சொன்னேன். சொல்ல வேண்டிய இன்னொருவரிடம் சொல்லவில்லை.

உட்லண்ட்ஸில் நான் வேலை செய்த எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. துப்புரவு கம்பெனி ஒன்று என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. மூன்று நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், இரண்டு செட் சீருடை. மற்றதெல்லாம் பார்த்துப் பழகியது.

பழக வேண்டியது நிறைய இருந்தது. ஒரு துணியை நாலாக மடித்தால் எட்டு முகம் வரும். ஒரு முகத்தால் ஒரு இடம்தான் துடைக்க வேண்டும். மேலிருந்து கீழே, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்கு. துடைத்த இடத்துக்குக் கை திரும்பிப் போகக்கூடாது. மருந்து தடவிய இடம் தானாகக் காயும் வரை விட வேண்டும், அவசரப்பட்டுத் துடைத்துவிட்டால் மருந்து வேலை செய்யாது. நோயாளி போனபின் செய்யும் முழுச் சுத்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். திரைகளைக் கழற்ற வேண்டும், மெத்தையைப் புரட்டி அதன் தையலுக்குள் துடைக்க வேண்டும், கட்டில் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். மற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. என் பயத்துக்குச் சம்பளம் கொடுக்கும் ஒரே இடம் அதுதான்.

எங்களைச் சோதிக்கிறவர் கிருமிக் கட்டுப்பாட்டு நர்ஸ், ஜமீலா சிஸ்டர். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்த குடும்பம். குரலை உயர்த்தவே மாட்டார். "நல்லா இருக்கீங்களா பத்மாக்கா" என்று கேட்டுக்கொண்டே நம் கையைத்தான் பார்ப்பார். சட்டைப்பையில் ஒரு பேனாவும் ஒரு சின்ன டார்ச்சும் எப்போதும் இருக்கும். நாங்கள் அறைக்குள் போகுமுன் அந்தப் பேனாவால் கட்டில் கம்பி, அழைப்பு மணி, விளக்கு சுவிட்ச், கழிப்பறைக் கைப்பிடி என்று பத்துப் பன்னிரண்டு இடத்தில் புள்ளி வைத்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாத மை. நாங்கள் முடித்ததும் விளக்கை அணைத்து டார்ச்சை அடிப்பார். ஊதா வெளிச்சம். துடைக்காமல் விட்ட புள்ளி பூனைக்கண் மாதிரி பச்சையாக மின்னும்.

"காட்டுங்க" என்பார். நாம் விட்ட புள்ளியை நாமே விரல் நீட்டிக் காட்ட வேண்டும். திட்டு அவ்வளவுதான்.

என் அறையில் புள்ளி மின்னியது வேலையில் சேர்ந்த முதல் வருடத்தோடு சரி. ஆனால் அந்தப் புள்ளிகள் என்னை விடவில்லை. ரயிலில் கம்பியைப் பிடித்தால், எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்டின் பொத்தானை அழுத்தினால், இங்கே எத்தனை மின்னுமோ என்று தோன்றும். முழங்கையால்தான் இன்றும் பொத்தானை அழுத்துகிறேன்.

நாங்கள் பயந்த கிருமிக்கு டாக்டர்கள் மூன்று எழுத்தில் பெயர் சொல்வார்கள். சிஸ்டர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். "எல்லார் குடல்லயும் இருக்கிற கிருமி வகைதான் அக்கா. ஆனா இது எல்லா மருந்தையும் பாத்துப் பழகின கிருமி. குடல்ல சும்மா குடியிருக்கும், ஆளுக்கே தெரியாது. உடம்பு அசந்த நேரம் பாத்து ரத்தத்துல இறங்கிடும். அப்ப குடுக்க டாக்டர் கையில மருந்து அநேகமா இருக்காது."

அதனால் வார்டில் சேரும் ஒவ்வொருவரிடமும் பின்புறத்தில் பஞ்சுக் குச்சி வைத்துச் சோதனை எடுப்பார்கள். பிறகு வாரம் ஒருமுறை. கிருமி இருந்தால் கதவில் மஞ்சள் ஸ்டிக்கர். உள்ளே போகிறவர் எல்லோரும் மஞ்சள் கவுன், கையுறை.

பன்னிரண்டாம் அறைக்கு வருகிறேன்.

அந்த அறையில் முதலில் இருந்தவர் கிருமியோடுதான் வந்தார். அவர் போனதும் முழுச் சுத்தம் செய்தது நான். சிஸ்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்து வந்த மலாய்ப் பாட்டிக்கு வரும்போது கிருமி இல்லை, பத்து நாளில் மஞ்சள் ஸ்டிக்கர். அவர் போனதும் மறுபடி முழுச் சுத்தம், மறுபடி ஒரு புள்ளி இல்லை. அடுத்து ஒரு சீன வாத்தியார். எட்டாம் நாள் ஸ்டிக்கர். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் மூன்று பேருக்கும் ஒரே கிருமி, ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி என்று லேபில் சொல்லிவிட்டார்கள்.

கட்டில், திரை, சுவர் எல்லாவற்றிலும் பஞ்சுக் குச்சி வைத்துப் பார்த்தார்கள். எதிலும் இல்லை. கட்டில் பற்றாக்குறை, அறையைப் பூட்டியும் வைக்க முடியாது.

"அந்த ரூம்ல என்னமோ இருக்குலா" என்றாள் விமலா. "ஒண்ணு, அது போவணும். இல்ல, நீ போவணும். ஒவ்வொரு தடவையும் சுத்தம் பண்ணது யாரு? நீதான."

விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. என் கையில்தான் இருக்கிறதோ? சுத்தம் செய்வதாக நினைத்து நானேதான் பூசிவிட்டு வருகிறேனோ? வீட்டில் சோப்புப் போட்டுப் போட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. அந்த அறைக்குள் போனாலே யாரோ பார்ப்பது போல இருக்கும். பட்டப்பகல், ஜன்னலில் வெயில், எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். பேசின் குழாயை மூடியதும் மட்டும் உள்ளேயிருந்து 'களக்' என்று ஒரு சத்தம் வரும். தொண்டையில் எதையோ விழுங்குவது மாதிரி. எல்லாப் பேசினிலும் வருவதுதான். இந்த அறையில் மட்டும் நான் நின்று கேட்பேன்.

நான்காவதாக வந்தவர் பக்கிரிசாமி ஐயா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டுப் போயிருந்தது, காலில் ஆறாத புண். வரும்போது சோதனையில் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நான் மஞ்சள் கவுனோடு உள்ளே போனபோது சிரித்தார்.

"அந்தக் காலத்துல கப்பல்ல மஞ்சக் கொடி பறந்தா உள்ள சீக்குன்னு அர்த்தம். யாரும் ஏறக்கூடாது. இப்ப நானே கப்பலாயிட்டேன் பாரு."

"சீக்கிரம் கொடிய இறக்கிருவாங்க ஐயா."

"நீ சொன்னா சரி. நீதான என் ஹார்பர் மாஸ்டர்."

அவருடைய மனைவி அலமேலு அக்கா கேலாங்கில் சிவன் கோவிலுக்குப் பக்கத்து புளோக்கில் இருந்தார். ஐயா சேர்ந்த நாளிலிருந்து திங்கட்கிழமைகளிலும் பிரதோஷத்திலும் அபிஷேகப் பாலை மூடிபோட்ட சின்ன எவர்சில்வர் தூக்கில் கொண்டு வருவார். சர்க்கரையும் வாழைப்பழமும் கலந்த பால். ஐயாவுக்கு அளந்துதான் நீர் ஆகாரம். உதட்டில் ஒரு சொட்டுத் தொட்டு வைப்பார், மீதி அப்படியே இருக்கும். அக்கா சங்கடத்தோடு என்னிடம் சொன்னார்.

"தங்கச்சி, இத குப்பையில மட்டும் போட்டுறாத. சாமி தலையில ஊத்தினது."

அந்த அறையின் குப்பை என்பது மலத்துணிகள் போகும் மஞ்சள் பை. கழிப்பறையில் ஊற்ற எனக்கே மனம் வரவில்லை. அதனால் கை கழுவும் பேசினில் ஊற்றினேன். ஓடுகிற தண்ணீரில் விட்டால் தோஷமில்லை என்று என் அம்மா சொல்வார். குழாயை முழுதாகத் திறந்து, கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்று, ஊற்றுவேன். தூக்கையும் அங்கேயே அலசித் தருவேன். டாக்டர்கள் கூட்டமாக உள்ளே நிற்கும் நாட்களில் தூக்கை எடுத்துக்கொண்டு, அப்போது காலியாக இருந்த பதினான்காம் அறைப் பேசினில் ஊற்றினேன். எத்தனை தடவை என்று பிறகு சிஸ்டர் கேட்டார். பன்னிரண்டில் எண்ணவில்லை. பதினான்கில் மூன்று.

ஐந்தாவது வாரம் கிருமி ரத்தத்தில் இறங்கியது. ஐயாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். கட்டிலைத் தள்ளும்போது என்னைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினார், கிரேனை மேலே ஏற்றச் சொல்கிற மாதிரி.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஜமீலா சிஸ்டர் காலி அறைக்கு என்னையும் விமலாவையும் கூப்பிட்டார். கையில் ஒரு சின்னப் பாட்டில். அதிலிருந்ததைப் பேசினின் ஓட்டைக்குள் ஊற்றினார். பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருந்தது.

"பத்மாக்கா, நீங்க தினமும் செய்ற மாதிரி செய்ங்க. கை கழுவுங்க, துணி அலசுங்க, பேசினத் தேய்ங்க."

செய்தேன். குழாயிலிருந்து தண்ணீர் நேராக ஓட்டைமேல் விழுந்தது. நான் எப்போதும் முழுதாகத்தான் திறப்பேன், அப்போதுதான் சுத்தமான மாதிரி இருக்கும். மூடினேன். களக்.

சிஸ்டர் ஜன்னல் திரையை இழுத்தார், விளக்கை அணைத்தார், டார்ச்சை அடித்தார்.

பேசின் முழுக்கப் பச்சை. கண்ணாடியில் பச்சைத் தூறல். பக்கத்துத் தட்டில் ஐயா விட்டுப்போன பல்செட் டம்ளர், அதன் விளிம்பெல்லாம் மின்னியது. விபூதிப் பொட்டலத்தின்மேல் நாலு புள்ளி. ஒரு எட்டுத் தள்ளியிருந்த கட்டில் கம்பியில், தலையணையின் ஓரத்தில், சின்னச் சின்னதாக. பிறகு சிஸ்டர் டார்ச்சை மெல்ல என் பக்கம் திருப்பினார்.

"அசையாதீங்க அக்கா."

என் வயிறு, மார்பு, கழுத்து வரை மின்மினி மொய்த்த மாதிரி இருந்தது. விமலா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தாடையில" என்றாள் மெதுவாக. "தாடையிலயும் இருக்கு."

கிருமி நாங்கள் துடைத்த எந்த இடத்திலும் குடியிருக்கவில்லை. ஓட்டைக்குக் கீழே, கை எட்டாத இருட்டில் இருந்துகொண்டு, ஒவ்வொரு முறை குழாயைத் திறக்கும்போதும் மேலே ஏறி வந்திருக்கிறது. துடைத்துக் காய்ந்த இடத்தில் பஞ்சுக் குச்சி வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

விளக்கைப் போட்டபின் சிஸ்டர் கேட்டார். "கை கழுவுறதத் தவிர இதுல வேற என்ன ஊத்துவீங்க?"

"மைலோ ஊத்துவோம் சிஸ்டர்" என்றாள் விமலா. "பேஷன்ட் குடிக்காம வச்சிட்டா. நர்ஸுங்க மூக்கு டியூப்ல விடுற பால் மிச்சத்தையும் ஊத்துறாங்க, நான் பாத்திருக்கேன்."

"பத்மாக்கா?"

"ஒண்ணும் ஊத்தறதில்ல சிஸ்டர்."

என் வாயிலிருந்துதான் அது வந்தது. அடுத்த மாதம் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் மாதம். அப்போது எனக்கு அறுபத்தொரு வயது, கணவர் இல்லை. இந்த வேலையை விட்டால் என் பயத்தை எங்கே கொண்டு போய் வைப்பேன் என்பதும் ஒரு பயம். சிஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் என் கையைப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் குழாய்க்காரர், ஒரு சீன அங்கிள், பேசினுக்கு அடியிலிருந்த வளைந்த குழாயைக் கழற்றினார். உள்ளே சாம்பல் வெள்ளையாக, நுங்கு மாதிரி கொழகொழவென்று ஒரு தோல் படிந்திருந்தது. முகக்கவசத்தையும் தாண்டிப் புளித்த வாடை வந்தது. "மில்க் லா" என்றார், சாதாரணமாக. பன்னிரண்டின் குழாயை மாற்றினார்கள், பேசினையும் எடுத்துவிட முடிவு செய்தார்கள். மற்ற அறைப் பேசின்களைப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்ப்பதாகத் திட்டம். பதினான்கை யாரும் நினைக்கவில்லை. அங்கே இதுவரை யாருக்கும் எதுவும் வந்ததில்லையே.

அன்று மதியம் பதினான்கில் ஒரு பெண் சேர்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்லீரல் ஆபரேஷனுக்குக் காத்திருந்தாள். ஜன்னல் ஓரத்தில் இரண்டு பிள்ளைகளின் படத்தை வைத்திருந்தாள். சோதனையில் ஒன்றும் இல்லை, கதவில் ஸ்டிக்கர் இல்லை.

அன்றும் மறுநாளும் நான் சொல்லவில்லை. காரணம் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று தடவைதானே ஊற்றினேன். அந்தப் பால் பன்னிரண்டாம் அறையில் பச்சைத் தூறல் தெறித்த அதே தட்டில், பேசின் பக்கத்தில் இருந்த தூக்கில் அல்லவா வந்தது என்று மனசு சொல்லும். உடனே, அதெல்லாம் இருக்காது என்று நானே சொல்லிக்கொள்வேன். பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிற அதே மனசுதான் இதையும் இழுத்துக்கொண்டிருந்தது. இந்தப் பூட்டு உண்மையிலேயே திறந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குப் பதினான்கைத் துடைக்கப் போனேன். அவள் பேசின்மேல் குனிந்து பல் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாய் முழுதாகத் திறந்திருந்தது. முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டாள், வாய் கொப்பளித்தாள். பகல் வெளிச்சத்தில் அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தாடையிலும் உதட்டிலும் இமையிலும் பச்சை மின்னியது. அவள் குழாயை மூடினாள். களக்.

"குட் மார்னிங் ஆன்ட்டி" என்றாள்.

துணியை அப்படியே போட்டுவிட்டு ஜமீலா சிஸ்டரின் அறைக்குப் போனேன். கையுறையோடு நடைபாதையில் போகக்கூடாது என்பதுகூட மறந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணை மூடி நின்றதைக்கூட. சிஸ்டர் முதலில் போனை எடுத்து அந்தப் பெண்ணை வேறு அறைக்கு மாற்றச் சொன்னார், பதினான்கின் குழாயை அடைக்கச் சொன்னார். அப்புறம்தான் என்னை உட்காரச் சொன்னார்.

"ஏன் அக்கா அன்னைக்குச் சொல்லல?"

"பயம் சிஸ்டர்."

"பயம் எனக்கும் உண்டு. அதான் டார்ச் வச்சிருக்கேன்." சட்டைப்பையை ஒருமுறை தொட்டுக்கொண்டார். "ஹஜ்லேர்ந்து கொண்டு வர்ற ஸம்ஸம் தண்ணி மிச்சம் இருந்தா எங்க வீட்டுலயும் கண்ட இடத்துல ஊத்த மாட்டோம். செடிக்குத்தான் ஊத்துவோம். இங்க செடி இல்லங்கிறத நான் யோசிச்சிருக்கணும்."

பதினான்கின் குழாயிலும் அதே கிருமி இருந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. சாமி பிரசாதம் எதுவானாலும் மூடியோடு வீட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று புது விதி வந்தது. பேசினில் கை கழுவுவதைத் தவிர எதுவும் கூடாது என்று நான்கு மொழியில் எழுதி ஒட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரம் தொடர்ந்து சோதனை எடுத்தார்கள். அந்த மூன்று வாரமும் நான் வேலைக்கு வந்ததும் முதலில் அவள் கதவைப் பார்ப்பேன். ஸ்டிக்கர் வரவில்லை. ஆபரேஷன் முடிந்து, பிள்ளைகளின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்தே போனாள்.

பக்கிரிசாமி ஐயா அதற்கு முன்பே இறந்துவிட்டார். சிறுநீரகம், இதயம், கிருமி என்று மூன்றையும் சொன்னார்கள். அவர் வருமுன்பே கிருமி குழாயில் இருந்தது, எல்லோரும் ஊற்றிய மைலோவும் டியூப் பாலும் அதில் இருந்தன, உங்கள் பால் மட்டுமே காரணம் என்று எவராலும் சொல்ல முடியாது என்றார் சிஸ்டர். காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. சிஸ்டர் பொய் சொல்கிறவர் இல்லை.

அலமேலு அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. போன வருடம், ஓய்வு பெற்றபின் ஒரு திங்கட்கிழமை, தேக்கா மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து தோளைத் தொட்டார். இளைத்திருந்தார். கோவிலிலிருந்து வருவதாகச் சொன்னார். கையில் அதே தூக்கு.

"தங்கச்சி, உன்ன நான் மறக்கல. அவர் போனப்பகூட ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். அந்தப் பாலை நீ ஒரு நாளும் குப்பையில போடல. கண்ண மூடி நின்னு ஊத்துவேல்ல, நான் பாத்திருக்கேன். அந்தப் புண்ணியம் அவரோட போயிருக்கும்."

அப்போது சொல்லியிருக்கலாம். அக்கா நன்றாகத் தமிழ் படிப்பார். இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் பெயரை மாற்றினாலும் தூக்கை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

அவர் மூடியைத் திறந்து, பாலை அந்த மூடியிலேயே ஊற்றி என்னிடம் நீட்டினார். "குடி. இன்னைக்கு அபிஷேகம்." சர்க்கரையும் வாழைப்பழமும் வாசனை அடித்தது. எனக்குப் பின்னால், மீன்கடைப் பக்கம், கை கழுவும் பேசின் இருந்தது. நான் திரும்பவில்லை. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன், மூடியைக் கவிழ்த்துக் காட்டினேன்.

கடைசி மிடறு இறங்கும்போது என் தொண்டைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. களக்.